காலநிலைக்காகக் கோட் எழுத வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலை இருக்கிறது, கோட் எழுதவும் தெரியும், இரண்டையும் எங்கே சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ ஓரளவுக்கு எழுத வந்தால் போதும், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் தாராளம். வானிலையியல் பட்டமெல்லாம் தேவையில்லை. ஆனால் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும், உட்கார்ந்து பொறுமையாக எண்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தங்களுக்கென்று ஒரு ஆப் தொடங்குவது. பெயர் வைப்பார்கள், லோகோ வரைவார்கள், பாதி வேலை முடிந்ததும் ஆர்வம் வடிந்துவிடும், அதற்குள் அதே வேலையைச் செய்யும் நாலு ஆப் ஏற்கெனவே இருப்பதும் தெரியவரும். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். நம்பி எடுத்துக்காட்டக்கூடிய எண், அது எங்கிருந்து வந்தது என்று யார் வேண்டுமானாலும் தோண்டிப் பார்க்கும் வசதி, அடுத்த வருஷமும் அது ஓடிக்கொண்டிருக்கும் என்ற உறுதி, இந்த மூன்றுக்கும்தான் இன்று ஆள் பற்றாக்குறை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திட்டத்தில் சேர்ந்து இவற்றில் ஒன்றுக்குக் கைகொடுத்தாலே பெரிய உதவி.

கட்டற்ற மென்பொருளாக இருப்பது ஏன் முக்கியம்

கட்டற்ற மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறரோடு பகிரலாம். இந்த நான்கு சுதந்திரங்களும் மற்றத் துறைகளில் வசதி என்றால், காலநிலை விஷயத்தில் அத்தியாவசியம். ஏனென்றால் இங்கே காட்டப்படும் ஒவ்வொரு வரைபடத்தையும் நம்பாத ஒருவர் எங்கோ இருக்கிறார், "இந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டாய், காட்டு" என்று அவர் கேட்டால் காட்டத்தான் வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. உலகச் சராசரி வெப்பநிலையைக் கணக்கிடும் ஜிஸ்டெம்ப் என்ற நிரலின் மூலக்கோடை நாசாவின் காடர்ட் ஆய்வு மையம் 2007இல் வெளியிட்டது. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த பழைய கோட், பெரும்பகுதி ஃபோர்ட்ரான், வெளியாள் படித்துப் புரிந்துகொள்வது சிரமம். பிரிட்டனில் சில ப்ரோகிராமர்கள் கிளியர் கிளைமேட் கோட் என்ற பெயரில் தன்னார்வமாக உட்கார்ந்து, அதைப் பைத்தானில், படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதையே முதல் குறிக்கோளாக வைத்து, திரும்ப எழுதினார்கள். வழியில் சில சிறு பிழைகள் அகப்பட்டன, மையத்துக்குத் தெரிவித்தார்கள், அங்கே திருத்திக்கொண்டார்கள். முடிவு மட்டும் மாறவில்லை, பூமி சூடாகிறது என்று காட்டும் அதே வரைபடக் கோடுதான் மறுபடியும் வந்தது. ஆயிரம் விழிப்புணர்வுப் பதிவுகளைவிட இந்த ஒரு வேலைக்கு எடை அதிகம் என்பது என் கருத்து, சந்தேகப்படுகிறவரின் கையிலேயே கணக்கைக் கொடுத்துவிடுகிறது அல்லவா.

முதல் படி: கொஞ்சம் படிப்பு

ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை 2021 முதல் 2023 வரை பகுதி பகுதியாக வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள், அதை முழுக்கப் படிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் கொள்கை வகுப்பவர்களுக்கான சுருக்கம் ஒன்று இருக்கும், முதல் பகுதியின் சுருக்கத்தை மட்டும் படியுங்கள், அதோடு கலைச்சொல் விளக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வித்தியாசம், வெப்பநிலை விலகல் (ஒரு சராசரியைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு), ஒப்பீட்டுக் காலம் (அந்தச் சராசரி எந்த ஆண்டுகளுடையது), கார்பன் டை ஆக்சைடு சமானம் (மற்ற வாயுக்களின் தாக்கத்தையும் கார்பன் டை ஆக்சைடு அளவில் சொல்வது) என்ற நாலு விஷயம் பிடிபட்டுவிட்டால் வேலைக்கு இறங்கலாம்.

இதில் ஒப்பீட்டுக் காலம்தான் ப்ரோகிராமர்களை அதிகம் வழுக்கிவிடும் இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2024 எவ்வளவு சூடான ஆண்டு என்று கேட்டால், நாசா 1.28 டிகிரி என்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவையின் அறிக்கையில் 0.72 என்றும் இருக்கும், 1.60 என்றும் இருக்கும். உலக வானிலை அமைப்பு 1.55 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நாசாவின் எண் 1951–1980 சராசரியோடு ஒப்பிட்டது. கோப்பர்நிக்கஸின் 0.72 என்பது 1991–2020ஓடு ஒப்பிட்டது, 1.60 என்பது தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளப்படும் 1850–1900ஓடு ஒப்பிட்டது. உலக வானிலை அமைப்பின் 1.55க்கும் அதே 1850–1900தான் அடிப்படை, ஆனால் அது ஆறு தரவுத்தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது.

இப்போது நாசாவின் 1.28ஐ எடுத்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து அளக்கும் பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி கோட்டுக்குக் கீழே ஒரு ஆப் வரைந்து காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் "இன்னும் இடம் இருக்கிறதே" என்று நிம்மதியாகப் போய்விடுவார். இரண்டும் வெவ்வேறு அடிப்படையிலிருந்து அளந்தவை, ஒரே அச்சில் வரவே கூடாது. அதேபோல, ஒரே ஒரு ஆண்டு 1.5ஐத் தாண்டியதும் "பாரிஸ் இலக்கு முடிந்தது" என்று சிவப்பு எழுத்தில் போடுவதும் தவறு, அந்த இலக்கு பல ஆண்டுகளின் நீண்டகாலச் சராசரியைப் பற்றியது. இரண்டு பக்கமும் சாயாமல் எழுதத் தெரிய வேண்டும். எண் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதன் ஒப்பீட்டுக் காலமும் கூடவே இருக்கட்டும், சிறிய எழுத்திலாவது.

இரண்டாம் படி: எந்தத் திட்டம் என்று தேர்ந்தெடுப்பது

தேட நல்ல இடம் ஓப்பன் சஸ்டெய்னபிள் டெக்னாலஜி என்ற பட்டியல். காலநிலை, ஆற்றல், இயற்கை வளம் சார்ந்த கட்டற்ற திட்டங்களை வகை பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் திட்டங்கள்தான் அதில் இடம்பெற வேண்டும் என்பது அவர்களின் கொள்கை, அது ஒன்றே பாதித் தேடலைக் குறைத்துவிடும். கிளைமேட்ட்ரையாஜ் என்ற தளம் இதே வகைத் திட்டங்களிலிருந்து புதியவர்களுக்கு ஏற்ற இஷ்யூக்களை (செய்து தரச் சொல்லிப் பதிந்திருக்கும் வேலைகளை) மட்டும் பொறுக்கித் தருகிறது. இரண்டிலும் ஒரு மாலை செலவழியுங்கள்.

என்னென்ன மாதிரி வேலைகள் கண்ணில் படும் என்பதற்குச் சில உதாரணம். மின்சாரம் எந்தெந்த எரிபொருளிலிருந்து வருகிறது, அதன் கார்பன் அளவு என்ன என்று உலக வரைபடத்தில் காட்டும் எலக்ட்ரிசிட்டி மேப்ஸ், தரவு திரட்டும் நிரல்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் 2012இல் தொடங்கிய திட்டம், உணவுப் பொட்டலத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தால் சுற்றுச்சூழல் தாக்கத்துக்கான மதிப்பெண் வரை காட்டும், தரவைச் சேர்ப்பதும் தன்னார்வலர்கள்தான். அவர் வேர்ல்ட் இன் டேட்டா (Our World in Data) என்ற தளம் தன் கார்பன் உமிழ்வுத் தரவுத்தொகுப்பை கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. காலநிலையைக் கணக்கிட்டுப் பார்க்கும் கணினி மாதிரியையே (மாடல்) எழுதிப் பார்க்க ஆசை என்றால் ஃபேர் என்ற எளிய மாதிரி பைத்தானில் இருக்கிறது, சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும், உமிழ்வைக் கூட்டினால் குறைத்தால் வெப்பநிலை என்னாகும் என்று விளையாடிப் பார்க்கலாம். பள்ளி மாணவர்களுக்கான கருவி செய்ய நினைப்பவர்களுக்கு அது நல்ல அடித்தளம்.

கோட் எழுதத் தெரியாத நண்பர் யாராவது "நானும் ஏதாவது செய்யட்டுமா" என்று கேட்டால் கிளைமேட்பிரடிக்ஷன் திட்டத்தைச் சொல்லுங்கள். 2003லிருந்து நடக்கிறது, கணினி சும்மா இருக்கும் நேரத்தில் காலநிலை மாதிரிகளை ஓட்டிக் கொடுப்பதுதான் வேலை.

ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் ரெபோவில், அதாவது கோட் இருக்கும் களஞ்சியத்தில், நாலு இடத்தைப் பாருங்கள். கடைசி கமிட் எப்போது? இஷ்யூ போட்டவர்களுக்குப் பதில் வருகிறதா, வந்தால் மரியாதையாக வருகிறதா? பங்களிப்போருக்கான வழிகாட்டிக் கோப்பு இருக்கிறதா? உரிமக் கோப்பு இருக்கிறதா? கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். கோட் கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே அது கட்டற்றது ஆகிவிடாது, ஜிபிஎல், ஏஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி என்று ஏதாவது ஒரு உரிமம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேட்டு ஒரு இஷ்யூ போடுங்கள், அதுவே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம்.

மூன்றாம் படி: ஓட்டிப் பார்ப்பது

ஃபோர்க் செய்து (திட்டத்தின் நகலை உங்கள் கணக்கில் எடுத்து), கணினியில் இறக்கி, அவர்கள் எழுதியிருக்கும் குறிப்பை வரி விடாமல் பின்பற்றி ஓட்டுங்கள். எங்கேயாவது தடுக்கும். தடுக்கிய இடத்தை அப்படியே எழுதி வையுங்கள், எந்த இயங்குதளம், பைத்தானின் எந்தப் பதிப்பு, என்ன பிழைச்செய்தி என்று. பழையவர்களுக்கு அந்தத் தடங்கல் கண்ணிலேயே படாது, அவர்களின் கணினியில் எல்லாம் ஏற்கெனவே நிறுவியிருக்கும். புதியவருக்குத்தான் அது தெரியும், அதுவும் முதல் ஒரு வாரம்தான், அப்புறம் நமக்கும் பழகிவிடும். அதனால் நிறுவும் குறிப்பைத் திருத்தி அனுப்பும் வேலையை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

நான்காம் படி: தரவோடு கைகுலுக்குவது

திட்டத்தில் இறங்கும் முன் தனியாக ஒரு சின்னப் பயிற்சி செய்யச் சொல்வேன். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், ஆண்டுக்கு ஒரு நிறப்பட்டை, நீலத்தில் தொடங்கிக் கருஞ்சிவப்பில் முடியும், அச்சு இல்லை, எண் இல்லை. காலநிலை பற்றி வந்த படங்களில் இதைவிட நேரடியாகப் பேசும் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதை நீங்களே வரைந்து பாருங்கள்.

நாசாவின் ஜிஸ்டெம்ப் பக்கத்திலிருந்து உலகச் சராசரிக்கான சிஎஸ்வி கோப்பை இறக்குங்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால், முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியில்தான் பத்திகளின் பெயர்கள், மூன்றாவது வரியில் 1880. ஒவ்வொரு வரியிலும் பன்னிரண்டு மாதங்கள், அதற்கப்புறம் ஜனவரி–டிசம்பர் சராசரி, டிசம்பர்–நவம்பர் சராசரி, பிறகு பருவச் சராசரிகள். தரவு இல்லாத இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி இருக்கும். 1880க்கு டிசம்பர்–நவம்பர் சராசரி நட்சத்திரமாக இருப்பதைக் கவனியுங்கள், அதற்கு 1879 டிசம்பர் வேண்டும், தரவோ 1880இல்தான் தொடங்குகிறது. நடப்பு ஆண்டில் இன்னும் வராத மாதங்களும் நட்சத்திரமாகத்தான் இருக்கும்.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் முதல் வரியைத் தாண்டச் சொல்லாமலோ நட்சத்திரத்தை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளச் சொல்லாமலோ படித்தால், அந்தப் பத்தி முழுவதும் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து சேரும். பிழைச்செய்தி வந்தால் அதிர்ஷ்டம். அந்த நட்சத்திரத்தைப் பூஜ்ஜியமாக மாற்றி "சரிசெய்வது" உண்டு, அதுதான் உண்மையான ஆபத்து. விலகல் பூஜ்ஜியம் என்றால் 1951–1980 சராசரிக்குச் சமமான வெப்பம் என்று பொருள், இன்றைய ஆண்டுகளுக்கு நடுவில் அப்படி ஒரு பூஜ்ஜியம் வந்தால் பூமி திடீரென்று ஒரு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிட்டதாகப் படம் காட்டும். இல்லாத தரவை இல்லை என்றே காட்டுங்கள், அந்தப் பட்டையைச் சாம்பல் நிறமாக விடுங்கள்.

அடுத்து ஹவாயின் மௌனா லோவா மலையில் எடுக்கப்படும் கார்பன் டை ஆக்சைடு அளவு. 1958 மார்ச்சில் தொடங்கிய தொடர் அது, அப்போது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு என்ற அளவு, 2024இன் ஆண்டுச் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் மாதவாரிக் கோப்பு தருகிறது. அதன் தொடக்கத்தில் ஹேஷ் குறியோடு நீளமான விளக்க வரிகள் இருக்கும், எல்லாரும் அவற்றைத் தாண்டிவிட்டுத் தரவுக்குப் போய்விடுகிறார்கள், தாண்டாமல் படியுங்கள். ஆரம்ப ஆண்டுகளில் "எத்தனை நாள் அளந்தது" என்ற பத்தியில் மைனஸ் ஒன்று இருப்பது ஏன், 2022 நவம்பர் கடைசியில் எரிமலை வெடித்து மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு பக்கத்து மௌனா கேயாவிலிருந்து அளவெடுத்தது எந்த மாதம் வரை, எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

இந்தத் தொடரில் பருவ ஏற்ற இறக்கம் உண்டு. வட அரைக்கோளத்தின் தாவரங்கள் கோடையில் கார்பனை இழுத்துக்கொள்ளும், அதனால் மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் அக்டோபரில் அடிமட்டம், நடுவே ஆறேழு அலகு வித்தியாசம். "கடந்த மூன்று மாதமாகக் குறைந்து வருகிறது" என்று தானாக எழுதும் ஒரு பாட் செய்தால், ஆகஸ்டில் அது உண்மை எண்களை வைத்தே முழுப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த மாதத்தைப் போன வருஷத்து இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

அலகு மாற்றத்தில் விழும் பிழைகளுக்கு டெஸ்ட் எழுதாமல் எதையும் வெளியிடாதீர்கள். முக்கியமாக இரண்டு. ஒன்று, வெப்பநிலை விலகலை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 32ஐக் கூட்டக் கூடாது, அது வித்தியாசம்தான், 1.5 டிகிரி செல்சியஸ் விலகல் என்பது 2.7 ஃபாரன்ஹீட், 34.7 அல்ல. இரண்டு, கார்பன் வேறு, கார்பன் டை ஆக்சைடு வேறு. உலகக் கார்பன் கணக்கில் இரண்டு அலகிலும் எண்கள் வரும், ஒரு டன் கார்பன் என்பது சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு, மூலக்கூறு எடை 44ஐ 12ஆல் வகுத்தால் வருவது. பத்தியின் தலைப்பைப் படிக்காமல் இரண்டு கோப்பை ஒட்டினால் உமிழ்வு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும்.

ஐந்தாம் படி: முதல் புல் ரிக்வெஸ்ட்

புல் ரிக்வெஸ்ட் என்பது உங்கள் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்பது. சின்னதாக இருக்கட்டும். ஒரு விஷயம், ஒரு புல் ரிக்வெஸ்ட். எலக்ட்ரிசிட்டி மேப்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே புதியவருக்கேற்ற வேலை எப்போதும் இருக்கும். ஒவ்வொரு பகுதியின் மின்கட்டமைப்பு நிறுவனமும் தன் உற்பத்தித் தரவை வெவ்வேறு வடிவத்தில் வெளியிடுகிறது, அதைப் படித்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறிய பைத்தான் நிரலுக்கு அங்கே பார்சர் என்று பெயர். அந்த நிறுவனம் தன் வலைப்பக்கத்தின் அமைப்பை மாற்றிய மறுநாள் பார்சர் உடைந்துவிடும். உடைந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுத் திட்டமும் புரிய வேண்டியதில்லை, ஒரே ஒரு கோப்பு புரிந்தால் போதும். நேர மண்டலத்தை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள், உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டுவிட்டால் நள்ளிரவில் சூரிய மின்சாரம் வழிந்தோடும்.

உற்பத்தி அளவிலிருந்து கார்பன் அளவுக்குப் போவதற்கு உமிழ்வுக் காரணி வேண்டும். ஐபிசிசியின் 2014 அறிக்கையில் ஆயுட்காலக் கணக்கின் இடைமதிப்புகள் இருக்கின்றன. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, அணுமின்சாரம் 12, நிலத்தில் நிறுவிய காற்றாலை 11. இவை ஆலை கட்டுவது, எரிபொருள் எடுப்பது எல்லாம் சேர்ந்தவை. எரிக்கும்போது மட்டும் வருவதை அளந்த எண்களும் வேறு இடங்களில் கிடைக்கும், இரண்டையும் கலக்காதீர்கள். எந்த எண்ணை எடுத்தாலும் கோடில் அதற்கு மேல் ஒரு கமென்ட், எந்த அறிக்கை, எந்த ஆண்டு, எந்த அட்டவணை என்று.

புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் என்ன உடைந்திருந்தது, என்ன மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பதில் வர இரண்டு வாரம் ஆகலாம், அவர்களும் வேலை முடிந்து வந்து இரவில் பார்ப்பவர்கள்தான். திருத்தம் கேட்டால் அது உங்கள் மேல் உள்ள குறை இல்லை. அப்புறம், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்ததை உங்களுக்கே விளக்கத் தெரியாத நிலையில் அனுப்பாதீர்கள், அதைப் படித்துத் தவறு கண்டுபிடிக்கும் சுமை பராமரிப்பவரின் தலையில் விழுகிறது, இருக்கும் ஓரிரு தன்னார்வலர்களும் களைத்துப்போவது இதனால்தான்.

ஆறாம் படி: காட்டும் விதம்

நிறத்தில் தொடங்குவோம். வானவில் நிற வரிசையை வரைபடத்தில் போடாதீர்கள், நடுவில் மஞ்சள் வரும் இடத்தில் தரவில் இல்லாத எல்லை ஒன்று இருப்பதுபோலக் கண் நம்பிவிடும். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் நிறைய. பைத்தானின் வரைபட நூலகமான மாட்ப்ளாட்லிபில் 2017 முதல் இயல்பாக வரும் விரிடிஸ் நிற வரிசை இந்த இரண்டு சிக்கலையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. கூடுதல், குறைவு என்று இரு பக்கமும் போகும் விலகலுக்கு நீலம்–சிவப்பு சரியாக இருக்கும். அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காதது சில நேரம் நியாயமே, கார்பன் அளவுக்கு 300இலிருந்து தொடங்கினால் தவறில்லை, ஆனால் அது தெளிவாகத் தெரியும்படி குறித்துவிடுங்கள். நிச்சயமின்மை வரம்பு தரவில் இருந்தால் அதையும் மெல்லிய நிறத்தில் காட்டுங்கள், அழகு கெடுகிறது என்று நீக்காதீர்கள்.

கார்பன் கணிப்பான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களில் பாதிப் பேருக்கு அதைத்தான் செய்யத் தோன்றும். தனிமனிதர் தன் கார்பன் தடத்தைக் கணக்கிடும் பழக்கத்தை 2000களின் நடுவில் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியது எண்ணெய் நிறுவனமான பிபி. அதனால் கணிப்பானே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதை முதல் தடவை பார்க்கிறவர் நிஜமாகவே திகைக்கிறார், அந்தத் திகைப்புக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் விடையைக் காட்டிவிட்டு "நீங்கள் குற்றவாளி" என்ற தொனியில் நிறுத்தும் கருவி ஆளைத் துரத்திவிடும். எதை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று ஒப்பிடும் வசதி கொடுங்கள், அந்த ஆளின் கையில் இல்லாத பங்கு எவ்வளவு என்பதையும், அதாவது மின்கட்டமைப்பு, பொதுப் போக்குவரத்து, கட்டட விதிகள் சார்ந்ததையும் காட்டுங்கள். ஒருவர் விளக்கை அணைப்பதற்கும் ஒரு மின்நிலையம் மூடப்படுவதற்கும் உள்ள அளவு வித்தியாசம் திரையில் தெரிய வேண்டும்.

எழுதும் வாசகங்களில் அழிவு, பேரழிவு என்று வரிக்கு வரி அடிக்காதீர்கள். நிலைமை மோசம் என்பதை எண்களே சொல்லும். மொழிபெயர்ப்பும் இந்தப் படியில்தான் வருகிறது, வெப்லேட் போன்ற கருவி இருக்கும் திட்டம் என்றால் உலாவியிலேயே வேலை முடிந்துவிடும். கோடுக்குள் நேரடியாகப் பதிந்து கிடக்கும் வாசகங்களை வெளியே எடுத்து மொழிபெயர்ப்புக்குத் தயார் செய்வதும் ப்ரோகிராமர் செய்ய வேண்டிய நல்ல வேலை, யாரும் முன்வராத வேலையும்கூட.

ஏழாம் படி: எடை குறைவாக, வேவு பார்க்காமல்

காலநிலைக்காகச் செய்யும் தளம் பல மெகாபைட் வீடியோவோடு திறக்கக் கூடாது. படங்களை எஸ்விஜியாக வையுங்கள், வரைபட நூலகம் ஒன்றை முழுதாக இழுக்கும் முன் அதில் நூறில் ஒரு பங்கையாவது பயன்படுத்துகிறோமா என்று பாருங்கள், பழைய போனிலும் மெதுவான இணைப்பிலும் திறந்து பாருங்கள். கிரீன் வெப் ஃபவுண்டேஷன் தரும் சிஓடூ.ஜேஎஸ் நூலகத்தை வைத்து உங்கள் பக்கம் மாற்றும் தரவுக்கு எவ்வளவு உமிழ்வு என்று தோராயமாக மதிப்பிடலாம். கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் ஒக்குலர் என்ற ஆவண வாசிப்பான் 2022இல் ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் சுற்றுச்சூழல் முத்திரையைப் பெற்றது. அந்த முத்திரை பெற்ற முதல் மென்பொருள் அதுதான், ஆற்றல் பயன்பாட்டை அளந்து காட்டித்தான் பெற்றார்கள். எப்படி அளந்தார்கள் என்பதையும் பொதுவில் எழுதி வைத்திருக்கிறார்கள், எடுத்துப் பயன்படுத்தலாம்.

கணிப்பானில் ஒருவர் தன் பயணம், சாப்பாடு, மின்கட்டணம் எல்லாவற்றையும் தருகிறார். அது அவருடைய கருவியிலேயே இருக்கட்டும், சர்வருக்கு அனுப்பத் தேவையே இல்லை. விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களைச் சேர்க்காதீர்கள்.

எட்டாம் படி: தொடர்ந்து ஓட வைப்பது

வெளியிட்ட நாளோடு வேலை முடிவதில்லை. தரவை நாள்தோறுமோ மாதந்தோறுமோ தானாக இறக்கும்படி வைத்திருப்பீர்கள், ஒருநாள் மூலத்தளத்தின் முகவரி மாறும், பத்தியின் பெயர் மாறும், இறக்குமதி தோற்கும். அப்போது என்ன ஆக வேண்டும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். கடைசியாகக் கிடைத்த சரியான தரவைக் காட்டுங்கள், அது எந்தத் தேதியுடையது என்று பெரிதாகக் காட்டுங்கள், பராமரிப்பவர்களுக்கு அறிவிப்பு போகட்டும். வரும் எண் நியாயமான எல்லைக்குள் இருக்கிறதா என்றும் ஒரு சோதனை வேண்டும், கார்பன் அளவு திடீரென்று மைனஸ் ஆகவோ போன மாதத்தைவிட ஐம்பது அலகு கூடவோ வந்தால் அதை வெளியிடாமல் நிறுத்திவிட வேண்டும். இறக்கிய மூலக்கோப்பின் நகலைத் தேதியோடு சேமியுங்கள், பழைய தரவும் திருத்தப்படுவது வழக்கம், ஆறு மாதம் முன்பு ஒருவர் உங்கள் தளத்திலிருந்து எடுத்த எண் இன்று ஏன் மாறியிருக்கிறது என்று கேட்டால் காட்ட அது வேண்டும்.

தரவின் உரிமத்தையும் மறக்காதீர்கள், கோடின் உரிமம் வேறு தரவின் உரிமம் வேறு. சிசி0 தவிர்த்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் உள்ள தரவுக்கு மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், குறிப்பிடக் கட்டாயம் இல்லாத பொதுவுடைமைத் தரவுக்கும் குறிப்பிடுங்கள், சந்தேகம் வருகிறவர் நேரே அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்.

வாழ்க்கையில் வேலை மாறும், உடம்பு சரியில்லாமல் போகும், ஆர்வமும் வேறு பக்கம் போகும், தன்னார்வப் பணியில் இதெல்லாம் சகஜம். அதனால் தொடக்கத்திலிருந்தே இன்னொருவருக்காவது ரெபோவின் நிர்வாக உரிமையும் டொமைன் கணக்கும் கொடுத்து வையுங்கள், தளத்தை எப்படி ஏற்றுவது என்ற குறிப்பு உங்கள் தலையில் இல்லாமல் கோப்பில் இருக்கட்டும். விலகுவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே திட்டத்தில் அறிவித்து, எடுத்து நடத்த யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் முகப்பில் "தரவு இந்தத் தேதிக்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டு ரெபோவை ஆர்க்கைவ் நிலைக்கு மாற்றுங்கள். உரிமக் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் கடைசியாக ஒருமுறை பாருங்கள், அது இருந்தால்தான் வேறொருவர் ஃபோர்க் செய்து தொடர முடியும்.